பதினைந்து டன் பிடிவாதம்

கல்கத்தாவின் கணக்குப் புத்தகத்தில் தொடங்கி இமயமலையில் 130 ஆண்டுகளைக் கடந்துவிட்ட 'பி' கிளாஸ் நீராவி இன்ஜின்களின் கதை

இரவு பத்து மணிவாக்கில் கொல்கத்தாவின் சியால்டா ஸ்டேஷன் பிளாட்பாரத்தைப் பார்த்தாலே எந்த வண்டி புறப்படப்போகிறது என்று சொல்லிவிடலாம். வெளியே வேர்த்துக் கொட்டுகிறது. ஆனால் பெட்டிகளின் மேல் மடித்து வைத்த கம்பளிச் சால்வைகள். குழந்தைகளின் தலையில் இப்போதே 'மங்கி கேப்'. டார்ஜிலிங் மெயில் கிளம்புகிறது. நடுத்தர வர்க்க வங்காளிகளின் விடுமுறைக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு: தீபுதா. தீகா, புரி, தார்ஜிலிங் என்ற மூன்று ஊர்களின் முதல் எழுத்துகள். 'தா' என்றால் வங்காளியில் அண்ணன். ஆக, வருஷா வருஷம் வீட்டுக்கு வந்துபோகும் ஒரு தீபு அண்ணன். லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் இந்த அண்ணனுக்கு விதிவிலக்கல்ல.

இந்தக் கூட்டத்தில் பாதிப் பேராவது ஒரு இன்ஜினைப் பார்க்கத்தான் போகிறார்கள். நீல நிறம், நான்கே சக்கரம், ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அதன் அதிகாரபூர்வமான பெயர் 'பி' கிளாஸ். முதல் இன்ஜின் தயாரானது 1889-இல். அதே வார்ப்பில் செய்த இன்ஜின்களில் சுமார் ஒரு டஜன் இன்னும் டார்ஜிலிங் மலையில் இருக்கின்றன. அதற்குப் பதிலாக அடுத்தடுத்து என்னென்னவோ வந்து பார்த்தன. பெரிய இன்ஜின், இரட்டை இன்ஜின், எண்ணெயில் எரியும் இன்ஜின் என்று வந்ததெல்லாம் தோற்றுப் போனது. டீசல் மட்டும் பாதி ஜெயித்தது.

மலையில் ஓடும் இந்த இன்ஜினின் பூர்விகம் கல்கத்தா. பழைய கிளைவ் தெருவில், இன்றைய நேதாஜி சுபாஷ் சாலையில், கில்லண்டர் ஹவுஸ் என்ற பெரிய கட்டடம் இன்றும் நிற்கிறது. கில்லண்டர்ஸ் அர்புத்நாட் என்ற ஏஜென்சி கம்பெனியின் வீடு அது. (அர்புத்நாட் என்ற பெயரைக் கேட்டதும் சென்னைக்காரர்களுக்கு 1906-இல் திவாலாகிப் பலரின் சேமிப்பை விழுங்கிய பாங்கு நினைவுக்கு வரும். இது வேறு கம்பெனி. இது பிழைத்துக்கொண்டது.) டார்ஜிலிங் ரயில்பாதையைப் போட்டுக் கொடுத்ததும், பல பத்தாண்டுகள் அதை நிர்வகித்ததும் இந்தக் கம்பெனிதான். மலையில் கரி எரிந்தாலும் கணக்கு எழுதியது கல்கத்தாவில்.

யோசனை ஃபிராங்க்ளின் பிரஸ்டேஜ் என்பவருடையது. கல்கத்தாவில் ஈஸ்டர்ன் பெங்கால் ரயில்வேயின் ஏஜெண்டாக இருந்தவர். 1878-இல் மீட்டர் கேஜ் பாதை சிலிகுரியை எட்டியது. அதற்குமேல் டார்ஜிலிங்குக்கு இருந்தது ஒரு வண்டிப்பாதைதான். ஹில் கார்ட் ரோடு. மாட்டுவண்டியும் மட்டக்குதிரையும் மூட்டை தூக்கும் கூலிகளும் ஏறிப் போன பாதை. சிலிகுரியில் ஒரு விலைக்கு விற்ற அரிசி, மேலே போனதும் இரண்டு மடங்குக்கு மேல் விற்றது. கீழே வரவேண்டிய தேயிலையின் கதையும் அதுதான். பிரஸ்டேஜ் எழுதிய வாதம் சிக்கலானதல்ல. சாலை ஏற்கெனவே இருக்கிறது. அதன் ஓரத்திலேயே இரண்டு அடி அகலத்தில் தண்டவாளம் போட்டுவிடலாம். வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஆஷ்லி ஈடன் ஒப்புக்கொண்டார். 1879-இல் வேலை ஆரம்பம். 1880 மார்ச்சில் வைஸ்ராய் லிட்டன் பிரபு டின்தாரியா வரை பயணம் செய்தார். 1881 ஜூலையில் டார்ஜிலிங்குக்கே வண்டி போய்விட்டது. இரண்டே ஆண்டுகள்! இன்றைய மேம்பாலங்கள் எடுத்துக்கொள்ளும் காலத்தை நினைத்தால் பொறாமையாக இருக்கும்.

அவசரத்துக்கு விலை உண்டு. சாலையோரமாகவே போனதால் சாலையின் குற்றங்கள் எல்லாம் ரயிலுக்கும் வந்து சேர்ந்தன. சில இடங்களில் ஏற்றம், அப்போதிருந்த குட்டி இன்ஜின்களால் தாங்க முடியாத அளவுக்குச் செங்குத்து. அதைக் குறைக்க இரண்டு உபாயங்கள் செய்தார்கள். ஒன்று, வட்டமாகச் சுற்றித் தன் பாதையைத் தானே மேலாகத் தாண்டுவது. மற்றொன்று, 'இசட்' எழுத்தைப் போல முன்னே போய், பின்னோக்கி ஏறி, மறுபடி முன்னே போவது. இந்த இரண்டாவது உபாயம் பற்றி ஒரு கதை உண்டு. வழி தெரியாமல் விழித்த பொறியாளரிடம் அவர் மனைவி, முன்னால் போக முடியாவிட்டால் பின்னால் வரவேண்டியதுதானே என்றாராம். உண்மையோ இட்டுக்கட்டியதோ, இன்றும் மலையில் ஆறு இடங்களில் ரயில் அந்த அம்மாள் சொன்னபடிதான் ஏறுகிறது.

முதலில் வாங்கிய குட்டி இன்ஜின்கள் சில ஆண்டுகளிலேயே மூச்சு வாங்கின. சரக்கு கூடியது; இன்ஜின் பலம் போதவில்லை. கம்பெனி ஷார்ப் ஸ்டூவர்ட் என்ற பிரிட்டிஷ் தொழிற்சாலையிடம் மீண்டும் போனது. மான்செஸ்டரிலிருந்து அப்போதுதான் கிளாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்திருந்த தொழிற்சாலை. 1889-இல் வந்து சேர்ந்ததுதான் 'பி' கிளாஸ்.

வந்து சேர்ந்த வழியே ஒரு தனிப் பயணம். கல்கத்தா துறைமுகத்தில் இறங்கிய சாமான், அகலப் பாதையில் பத்மா நதிக்கரையில் உள்ள தாமுக்தியா வரை போகவேண்டும். பாலம் கிடையாது. படகில் ஏற்றி அக்கரையில் சாராவில் இறக்கி, மீட்டர் கேஜில் ஏற்றிச் சிலிகுரி கொண்டுபோய், அங்கே இரண்டடிப் பாதையில் நிறுத்தவேண்டும். ஒரு ரயில் இன்ஜின் தன் தண்டவாளத்தில் கால் வைப்பதற்குள் வேறு இரண்டு அளவுத் தண்டவாளங்களையும் ஒரு மாநதியையும் கடக்க வேண்டியிருந்தது. பத்மாவின் மேல் ஹார்டிஞ்ச் பாலம் திறந்தது 1915-இல்தான். அதற்கு முன் டார்ஜிலிங் போன கல்கத்தா துரைமார்களுக்கும் இதே வழிதான். 1896-இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் இப்படித்தான் போனார். திரும்பும்போது மலைச்சரிவில் ஒரு தள்ளுவண்டியில் உட்கார்ந்து உருண்டு வந்ததைத் தன் வாழ்க்கையின் பெரிய சந்தோஷங்களில் ஒன்றாக எழுதி வைத்தார்.

இனி இன்ஜின். அதன் உடல் அமைப்பைப் புரிந்துகொண்டால் அது ஏன் சாகவில்லை என்பதும் புரியும்.

ஊட்டி ரயிலை நன்கு அறிந்த தமிழர்கள் டார்ஜிலிங் ரயிலைப் பார்த்ததும் தேடுவது தண்டவாளத்தின் நடுவே இருக்கும் பல்வரிசையை. இங்கே அது கிடையாது. நீலகிரியில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற அளவில் பாதை ஏறுகிறது. அங்கே பல்சக்கரம் பிடித்துக்கொள்ளாவிட்டால் வண்டி வழுக்கிவிடும். டார்ஜிலிங் பாதை சராசரியாக முப்பது அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. சில இடங்களில் அது இருபதுக்கு ஒன்று என்பதை நெருங்கும். வெறும் சக்கரமும் வெறும் தண்டவாளமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பிடியை மட்டும் நம்பி ஏறுவதற்கு இது எல்லைக்கோடு. போதாததற்கு வளைவுகள். 'ஆகனி பாயிண்ட்', அதாவது வேதனை முனை என்று பெயர் வைத்த இடத்தில் வளைவின் ஆரம் அறுபது அடிக்கும் குறைவு. ஒரு பெரிய வீட்டின் முற்றத்தில் ரயில் திரும்புவதாக நினைத்துக்கொள்ளலாம்.

ஆக, இன்ஜின் கனமாகவும் இருக்கவேண்டும், குட்டையாகவும் இருக்கவேண்டும். கனம் இல்லாவிட்டால் சக்கரம் சுழலுமே தவிர வண்டி நகராது. நீளமாக இருந்தால் வளைவில் திரும்பாது. இந்த இரண்டு கட்டளைகளுக்கும் ஷார்ப் ஸ்டூவர்ட் கொடுத்த பதில்: நான்கே சக்கரங்கள், நான்கும் இழுக்கும் சக்கரங்கள். சுமார் பதினைந்து டன் எடை முழுவதும் அவற்றின் மேல். சக்கரத்தின் விட்டம் 26 அங்குலம். வாங்கிய தண்ணீரையும் கரியையும்கூட வீணாக்கவில்லை. தனியாக ஒரு வண்டியில் இழுத்துவராமல் இன்ஜின் மேலேயே ஏற்றிவிட்டார்கள். குதிரை முதுகில் சேணம் போட்டதுபோல் கொதிகலன் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. கீழே சட்டங்களுக்கு நடுவே இன்னொரு தொட்டி. டிரைவர் நிற்கும் அறைக்கு முன்னால், கொதிகலன் மேலேயே, கரிப்பெட்டி. எல்லாப் பாரமும் சக்கரத்தை அழுத்திப் பிடிக்க உதவுகிறது. பார்ப்பதற்கு முதுகில் மூட்டை, வயிற்றில் மூட்டை என்று மலை ஏறும் சுமைதூக்கியைப் போல இருக்கிறதென்றால் அது தற்செயல் அல்ல.

அதை ஓட்ட ஆள் பலமும் அதிகம். டிரைவர், ஃபயர்மேன் என்ற இரண்டு பேர் எல்லா நீராவி இன்ஜினிலும் உண்டு. இங்கே அந்த இரண்டு பேரோடு கரி உடைப்பவர் ஒருவர், கரிப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்து பெருங்கட்டிகளைச் சுத்தியலால் உடைத்துக் கீழே தள்ளிக்கொண்டே வருவார். கட்டி பெரிதாக இருந்தால் அந்தச் சின்ன அடுப்பு வாய்க்குள் போகாது. இவர்களைத் தவிர, இன்ஜினின் நெற்றியில், முன் பக்கத்துக் கம்பியின் மேல் இரண்டு பேர். கையில் மணல். மழையிலும் பனியிலும் தண்டவாளம் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும்போது, இவர்கள் குனிந்து சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவிக்கொண்டே போவார்கள். மழைக்காலம் என்பது டார்ஜிலிங்கில் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் மனிதனின் கையால் விழுந்த அந்த மணல்தான் இந்த ரயில்வேயின் பல்சக்கரம் என்று சொல்லலாம். சினிமாவில் இவர்கள் தெரிவதில்லை. 1969-இல் வந்த 'ஆராதனா'வில் ரயில் ஜன்னலோரம் ஷர்மிளா தாகூர், சாலையில் ஜீப்பில் ராஜேஷ் கன்னா. கேமரா சரியான பக்கம்தான் பார்த்தது.

'பி' கிளாஸில் மொத்தம் 34 இன்ஜின்கள். 1889-இல் தொடங்கி 1920-களின் நடுப்பகுதி வரை, அங்கங்கே சிறு மாற்றங்களோடு, ஒரே அச்சில் வந்துகொண்டே இருந்தன. முதலில் ஷார்ப் ஸ்டூவர்ட். அது 1903-இல் இரண்டு கம்பெனிகளோடு சேர்ந்து நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் ஆன பிறகு அங்கிருந்து. முதல் உலகப் போரில் பிரிட்டனின் தொழிற்சாலைகள் குண்டு தயாரிக்கப் போய்விட்டன. 1917-இல் அமெரிக்காவின் பால்ட்வினிடம் மூன்று இன்ஜின்கள் வாங்கினார்கள். பிறகு மூன்று இன்ஜின்கள் மலையிலேயே, டின்தாரியா பணிமனையிலேயே தயாராயின. இந்த மூன்றுதான் முக்கியம். சிலிகுரிக்கு மேலே 2,800 அடி உயரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில், ஒரு சின்ன ஊரின் பணிமனையால் கிளாஸ்கோவின் இன்ஜினைச் செய்ய முடியும் என்று நிரூபணம் ஆனது அப்போதுதான்.

இதற்கு மாற்று தேடாமல் இல்லை. டாஸ்மேனியாவுக்கு 1909-இல் உலகின் முதல் 'காரட்' இன்ஜின்கள் போயின. நடுவில் ஒரு கொதிகலன், முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதிகள். கனமான இன்ஜின், ஆனால் வளைவில் வளையும். மலைப்பாதைக்கென்றே பிறந்த யோசனை. அடுத்தபடியாக அதை வாங்கியவர்களில் டார்ஜிலிங் கம்பெனியும் ஒன்று. 1911 வாக்கில் மான்செஸ்டர் பேயர் பீகாக்கிடமிருந்து ஒன்று வந்தது. அந்த ஒன்றோடு சரி. இரண்டாவது வாங்கவில்லை. 1954-இல் அதைக் கழித்துவிட்டார்கள். 1914-இல் ஆறு பெரிய சக்கரங்களோடு, முன்னும் பின்னும் துணைச் சக்கரங்கள் வைத்து இரண்டு நீண்ட இன்ஜின்கள் வந்தன. சமவெளியில் கிஷன்கஞ்ச் கிளைப்பாதைக்கு அவை சரி. மலைக்கு வேலை இல்லை. கிஷன்கஞ்ச் பாதை நாடு பிரிந்த பிறகு அஸ்ஸாமுக்கு வழி திறப்பதற்காக மீட்டர் கேஜாக மாறியது. தீஸ்தா பள்ளத்தாக்குக் கிளையை 1950-இல் வெள்ளம் கொண்டுபோனது. மூலப் பாதையும் பழைய இன்ஜினும் மட்டும் மிஞ்சின.

இந்த இடத்தில் கொல்கத்தாவுக்குத் திரும்பவேண்டும். ஏனென்றால் இந்த நகரத்துக்கு இரண்டடி அகலப் பாதை மலைச் சமாசாரம் மட்டும் அல்ல. ஹௌரா நகரத்துத் தெருக்களிலேயே, டார்ஜிலிங் பாதையின் அதே அளவில், வேறு ரயில்கள் ஓடின. மார்ட்டின் கம்பெனியின் ரயில்கள். விக்டோரியா மெமோரியலைக் கட்டிய அதே கம்பெனி. அதன் பங்குதாரர் சர் ராஜேந்திரநாத் முகர்ஜி, பிரிட்டிஷ் காலத்தில் இந்தியத் தொழிலதிபர்களில் முதல் வரிசைக்காரர். ஹௌரா-ஆம்தா பாதை 1897-இல் ஓடத் தொடங்கியது. ஷியாகாலாவுக்கு இன்னொரு பாதை. காய்கறி, மீன், நெசவாளர்கள், குமாஸ்தாக்கள், மாணவர்கள் எல்லோரையும் கிராமங்களிலிருந்து மகாநகரத்தின் வாசலுக்குக் கொண்டுவந்த ரயில். நகரத்தின் தெற்கே மெக்லியாட் கம்பெனி இரண்டரை அடிப் பாதையில் காளிகாட்-ஃபால்தா ரயிலை 1917-இல் தொடங்கியது.

ஃபால்தா ரயில் 1957-இல் நின்றது. அதன் தடம் இன்று பெஹாலாவில் ஜேம்ஸ் லாங் சரணி என்ற சாலை. அதில் ஆட்டோவில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் ரயில்பாதையில் போகிறோம் என்று தெரியும்? மார்ட்டின் ரயில்கள் 1971 ஜனவரியில் நின்றன. வேலையிழந்தவர்கள் ஊழியர்கள் மட்டும் அல்ல. விடிகாலை வண்டியை நம்பி வாழ்ந்த கூடைக்காரர்களும்தான். அகல ரயில்பாதை வரும் என்றார்கள். ஆம்தாவுக்கு அது முழுமையாகப் போய்ச் சேர்ந்தது 2004-இல். ஒரு ரயில் போய் மற்றொன்று வர முப்பத்து மூன்று ஆண்டுகள். ஷியாகாலாவுக்கு வரவே இல்லை. அந்த ரயில்களை யாரும் உலகப் பாரம்பரியம் என்று சொல்லவில்லை. பனிமலை தெரியும் ஜன்னல் அவற்றுக்கு இல்லை.

டார்ஜிலிங் ரயிலுக்கு மட்டும் ஏன் ஆயுள் கெட்டி? அரசாங்கம் வாங்கியது என்பது பாதிக் காரணம். 1948 அக்டோபரில் இந்திய அரசு கம்பெனியை வாங்கியது. கல்கத்தா ஏஜெண்டுகளின் கணக்குப் புத்தகம் மூடப்பட்டது. சில கைகள் மாறி, 1958-இல் வடகிழக்கு எல்லை ரயில்வேயின் கீழ் வந்தது. அதன் தலைமையகம் கௌஹாத்தியின் மாலிகாவ். இன்ஜின்களுக்கு அகில இந்திய அளவில் 777 முதல் புது எண்கள் கிடைத்தன. ஆனால் அரசாங்கம் வாங்கியதெல்லாம் பிழைத்ததா என்ன? மெக்லியாட் கம்பெனியின் மற்றப் பாதைகளையும் அரசாங்கம்தான் 1960-களில் எடுத்துக்கொண்டது. குறுகிய பாதையாக அவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை.

மீதிப் பாதிக் காரணம் டின்தாரியா. நார்த் பிரிட்டிஷ் கம்பெனி 1962-இல் கிளாஸ்கோவில் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு இந்த இன்ஜினுக்கு ஓர் ஆணியைக்கூட விலைக்கு வாங்க முடியாது. வாங்க முடியாத எதையும் செய்துகொள்ள வேண்டியதுதான். பிஸ்டன், தாங்கி, புகைக்குழாய், வால்வு என்று எல்லாவற்றையும் பணிமனையில் வார்த்தும் அடித்தும் கடைந்தும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். 1889-இல் வந்த இன்ஜினில் இன்று 1889-இன் இரும்பு எவ்வளவு என்று கேட்டால் பதில் சங்கடமானது. ஒன்றின் கொதிகலன் இன்னொன்றில். இன்னொன்றின் சக்கரம் மூன்றாவதில். பழம்பொருள் ஆராய்ச்சியாளர்களுக்கு இது தலைவலி. ஆனால் இந்தக் குழப்பம்தான் இன்ஜினைக் காப்பாற்றியது. அருங்காட்சியகத்தில் நிற்கும் இன்ஜின்தான் சுத்தமான இன்ஜின். ஓடுகிற இன்ஜின் எப்போதும் கலப்படம். முதல் பட்டியலில் வந்த 777 டெல்லியின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதன் அடுத்த தம்பி, கம்பெனி எண் 19, அரசாங்க எண் 778, போன இடம் இன்னும் விசித்திரம். 1960-களின் தொடக்கத்தில் எலியட் டானலி என்ற அமெரிக்க ரயில் ரசிகர் அதை வாங்கிக் கடல் கடத்தி இண்டியானாவுக்குக் கொண்டுபோனார். அங்கே ஹெஸ்டன் என்ற இடத்தில் இருந்தபோது ஷெட்டில் தீப்பிடித்துக் காயப்பட்டது. பிரிட்டிஷ் ரயில்வே நிர்வாகியான ஏட்ரியன் ஷூட்டர் 2002 வாக்கில் அதை வாங்கிப் பழுதுபார்த்து, ஆக்ஸ்போர்டு பக்கத்தில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே இரண்டடிப் பாதை போட்டு ஓட்டினார். வீட்டைச் சுற்றி ரயில்! 2022-இல் அவர் மறைவதற்கு முன்பே இன்ஜின் ஓர் அறக்கட்டளையின் கைக்குப் போயிற்று. இமயமலையைவிட்டு வெளியே உலகில் இருக்கும் ஒரே 'பி' கிளாஸ் அதுதான் என்று சொல்வது தவறு. 794-ஆம் எண் 2001-இல் மும்பை அருகே மாதேரான் மலைக்குப் போனது. இரண்டு இன்ஜின்கள் அஸ்ஸாமின் டிபோங் நிலக்கரிச் சுரங்கத்தில் கரி வண்டி இழுத்தன. ஆனால் இந்தியாவைவிட்டு வெளியே போனது 19 மட்டுமே.

மலையில் மிஞ்சியவற்றுக்கு வாழ்க்கை சுலபமாக இல்லை. லாரி வந்தது, சரக்கு போனது. தேயிலையும் உருளைக்கிழங்கும் தண்டவாளத்தைவிட்டு டயருக்கு மாறின. ஜீப் மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும் மலையை ரயில் ஏழு மணி நேரத்துக்குமேல் எடுத்துக்கொண்டு ஏறியது. பள்ளிப் பிள்ளைகள் ஓடும் வண்டியில் தொற்றி ஏறிப் போனதெல்லாம் குறைந்தது. கூர்க்காலாந்துப் போராட்டத்தின்போது 1988-89-இல் பதினெட்டு மாதம் வண்டியே ஓடவில்லை. அப்போது யாராவது நிரந்தரமாக மூடிவிடலாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தால் கொல்கத்தாவில் ஒரு கண்டன ஊர்வலம் நடந்திருக்கும், அவ்வளவுதான்.

1999 டிசம்பரில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்றது. ஆஸ்திரியாவின் செம்மரிங் பாதைக்குப் பிறகு உலகில் அந்த அந்தஸ்து பெற்ற இரண்டாவது ரயில் இது. நீலகிரி ரயிலுக்கு 2005-இலும், சிம்லா ரயிலுக்கு 2008-இலும் அதே கௌரவம் கிடைக்க வழி காட்டியது டார்ஜிலிங்தான். விசித்திரம் என்னவென்றால், நீராவிக்கு மகுடம் சூட்டிய கையோடு டீசல் வந்தது. பெங்களூரில் தயாரான டீசல் இன்ஜின்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கில் மலை ஏறின. சிலிகுரிக்குப் பக்கத்தில் உள்ள நியூ ஜல்பாய்குரியிலிருந்து டார்ஜிலிங் வரை சுமார் 88 கிலோமீட்டர் போகும் வழக்கமான வண்டியை இழுப்பது டீசல்தான். அதற்கு மணல் தூவுபவர் வேண்டாம். கரி உடைப்பவர் வேண்டாம்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு சின்னப் பங்கு உண்டு, தோற்றுப்போன பங்கு. நீலகிரி ரயிலின் இன்ஜின் ஒன்றைக் கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றியதைப் பார்த்து, 2002-இல் 787-ஆம் எண் 'பி' கிளாஸையும் அதே முறையில் மாற்றினார்கள். எண்ணெய் பீய்ச்ச ஒரு டீசல் ஜெனரேட்டர். தண்ணீர் ஏற்ற ஒரு மின்சார பம்ப். பிரேக்குக்கு ஒரு கம்ப்ரெஸர். பதினைந்து டன் உடம்பில் ஒரு தொழிற்பேட்டையே ஏறி உட்கார்ந்தது. இன்ஜினின் முகமே மாறிவிட்டது. சோதனை ஓட்டங்கள் திருப்தி தரவில்லை. வழக்கமான ஓட்டத்துக்கு வராமலே டின்தாரியாவில் நின்று, மறுபடி கரிக்குத் திரும்பக் காத்திருந்தது. ஊட்டியில் எண்ணெய் வெற்றி பெற்றது; திருச்சி பொன்மலைப் பணிமனை 2010-களில் புத்தம் புதிய நீராவி இன்ஜின்களையே எண்ணெயில் ஓடும்படி செய்து மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பியது. ஆனால் ஊட்டி இன்ஜின் 'பி' கிளாஸைப் போலப் பல மடங்கு பெரிது. ஒன்றுக்குத் தைத்த சட்டை இன்னொன்றுக்குப் பொருந்தவில்லை.

பிறகு மலையே விரோதியானது. 2010 ஜூனில் பாக்லாஜோராவில் சரிவு விழுந்து சாலையையும் தண்டவாளத்தையும் அடித்துக்கொண்டு போனது. 'பாக்லா' என்றால் பைத்தியம்; பைத்தியக்கார அருவி என்று மக்கள் காரணத்தோடுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். 2011 செப்டம்பரில் சிக்கிம் நிலநடுக்கம் வந்தது. டின்தாரியா பகுதி மேலும் சரிந்தது. மலையடிவாரத்திலிருந்து டார்ஜிலிங் வரை வண்டி முழுசாக ஓட 2015 டிசம்பர் ஆயிற்று. ஐந்தரை ஆண்டுகள், மொத்தப் பாதையையும் போட பிரஸ்டேஜுக்கு இரண்டு போதுமாயிருந்தது. 2017-இல் மறுபடி கூர்க்காலாந்து கிளர்ச்சி. சோனாடா, கயாபாரி ஸ்டேஷன்களுக்குத் தீ வைத்தார்கள்.

இன்று 'பி' கிளாஸின் அன்றாட வேலை டார்ஜிலிங்குக்கும் கூமுக்கும் இடையே உல்லாசச் சவாரி. போக வர இரண்டு மணி நேரம். நடுவில் பதாசியா வளைவில் பத்து நிமிடம். அதிர்ஷ்டம் இருந்தால் கஞ்சன்ஜங்கா தெரியும். 7,407 அடி உயரத்தில் கூம், இந்தியாவின் மிக உயரமான ரயில் நிலையங்களில் முன்வரிசைக்காரர். நீராவி வண்டிக்கு டிக்கெட் ஆயிரம் ரூபாய்க்குமேல்; டீசல் சவாரியைவிட அதிகம். டஸ்கர், ஹிமானந்த், அயர்ன் ஷெர்பா என்று இன்ஜின்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கடைகளின் கதவை உரசிக்கொண்டு, காய்கறிக் கூடைகளை ஒதுக்கிவைக்கச் சொல்லி விசில் அடித்துக்கொண்டு வண்டி போகிறது. சீசனில் இடம் கிடைப்பதில்லை. வருமானம் இதில்தான் வருகிறது. அதனால் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டார்ஜிலிங்கில் வாழ்கிறவர்கள் யாரும் கூம் போக இதில் ஏறுவதில்லை. ஊருக்கு அரிசி கொண்டுவரப் பிறந்த இன்ஜின், ஊருக்கு வந்தவர்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறது. 'பொம்மை ரயில்' என்ற செல்லப்பெயர், வேலை பார்த்த காலத்தில் வெறும் கேலி. இப்போது அது கிட்டத்தட்ட பதவிப் பெயர்.

கவலை இரும்பைப் பற்றியது அல்ல, கையைப் பற்றியது. ஏழு கிலோமீட்டர் உல்லாசச் சவாரிக்கு ஃபயர்மேன் தேவை. ஆனால் சுக்னாவில் ஏற்றம் தொடங்கும் இடத்திலிருந்து கூம் வரை, மழையில், மூன்று பெட்டிகளோடு, எங்கே கரி போடவேண்டும், எங்கே தண்ணீர் பிடிக்கவேண்டும், எந்த வளைவில் மணல் வேண்டும் என்று உடம்பால் அறிந்தவர்கள் அந்தப் பாதையில் தினமும் போனால்தான் உருவாவார்கள். தினமும் போவது டீசல்.

சியால்டாவில் இரவு புறப்பட்ட மெயில் விடிந்து நியூ ஜல்பாய்குரியில் நிற்கிறது. மங்கி கேப்புகள் இறங்குகின்றன. ஒரு பக்கம் இரண்டடிப் பாதையின் சிறிய பிளாட்பாரம். அங்கே டீசல் இன்ஜின் ஒன்று, சில பெட்டிகளோடு, பத்து மணிவாக்கில் புறப்படக் காத்திருக்கிறது. மறுபக்கம் ஸ்டேஷன் வாசலில் ஜீப் டிரைவர்கள் "தார்ஜிலிங், தார்ஜிலிங்" என்று கூவுகிறார்கள். பெரும்பாலான குடும்பங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கூவுகிறவர்கள் பக்கம் நடக்கின்றன. மத்தியானத்துக்குள் மேலே போய்விட்டால் சாயங்காலச் சவாரிக்கு நீராவி இன்ஜினில் இடம் கிடைக்கலாம்.